அப்பாவின் அடப்பமும் நாலு நாள் வெள்ளமும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். எங்கள் தெருவில் இடுப்பளவு, வீட்டுக்குள் முட்டளவு. கட்டிலுக்கு மேல் பெஞ்சு போட்டு அரிசி, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் புத்தகம், அம்மாவின் மாத்திரை என்று கைக்கு வந்ததையெல்லாம் ஏற்றினோம். அலமாரியின் அடித்தட்டில் அப்பாவின் அடப்பம் இருந்தது ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை.

அடப்பம் என்றால் சவரச் சாமான் வைக்கும் பை. தாத்தா காலத்தில் தோல்பை. அப்பா காலத்தில் அது தகரப் பெட்டியானது, பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அப்பா நாற்பது வருஷம் சலூன் வைத்திருந்தார். இப்போது கடை அண்ணன் கையில். அப்பாவுக்கு 71 வயதாகியும் பழைய ஆட்கள் நாலைந்து பேர் அவரிடம்தான் தலையைக் கொடுப்பார்கள். திண்ணையில் நாற்காலி போட்டு வெட்டிவிடுவார். அதற்கான சாமான்கள்தான் அந்தப் பெட்டியில் இருந்தன.

நான்காம் நாள் தண்ணீர் வடிந்து பெட்டியைத் திறந்தபோது உள்ளே இரண்டு விரற்கடை சேறு. அதற்குள் எல்லாம் ஒரே செம்மண் நிறம். அப்பா ஒரு கத்தரியை எடுத்து விரிக்கப் பார்த்தார். அசையவில்லை. "பழைய இரும்புக்காரன் வந்தா போட்டுருல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. நான் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரும்போடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. தாத்தா கை பட்ட கத்தியை எடைக்குப் போடவிட மாட்டேன் என்று பெட்டியை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

உள்ளே இருந்தவை இவை. தாத்தாவின் சவரக்கத்தி ஒன்று. வாலில் ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்ப் பெயர் பொறித்தது, மாட்டுக்கொம்புப் பிடி. மீரட் கத்தரி ஒன்று. பழைய இரும்பிலிருந்து செய்கிற அந்தக் கத்தரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அப்பா பத்து வருஷம் முன்பு வாங்கிய ஸ்டெயின்லெஸ் கத்தரி. கரண்டு வராத காலத்து, முடி வெட்டும் கை மெஷின். பிளேடு மாற்றும் கத்தி. நகவெட்டி, முள்வாங்கி, ஒரு படிகாரக் கட்டி, கத்தியைத் தீட்டும் தோல்வார்.

முதலில் நல்லதண்ணி

எங்கள் பகுதியில் போர் போட்டால் வருவது உப்புத்தண்ணி. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைத்தான் நல்லதண்ணி என்போம். வெள்ளத்துக்குப் பிறகு குழாய்த் தண்ணீர் பல நாள் வரவில்லை. குடிக்கக் கொடுத்த கேன் தண்ணீரில் ஒரு கேனைச் சாமான் கழுவ எடுத்தேன். அம்மா திட்டினாள். ஆனால் அந்த இடத்தில் உப்புத்தண்ணியை ஊற்றியிருந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

காரணம் இதுதான். துரு பிடிக்க இரும்பும் காற்றும் ஈரமும் போதும். உப்பு சேர்ந்தால் அந்த ஈரத்தில் மின்னோட்டம் சுலபமாக ஓடும். ஒவ்வொரு சொட்டும் ஒரு குட்டி பேட்டரியாகிவிடும். சொட்டின் நடுவில் இரும்பு கரையும், காற்று அதிகம் படுகிற ஓரத்தில் துரு படியும். அப்பாவின் நகவெட்டியை லென்ஸில் பார்த்தபோது அது கண்ணெதிரே தெரிந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு வளையம். வளையத்துக்கு நடுவில் ஊசி முனை அளவுக் குழி. இன்னொன்று, உப்பு காற்றிலிருந்து தானே ஈரத்தை இழுக்கும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு கசிய ஆரம்பிக்கும். கடற்கரை ஊரில் ராத்திரி அது தாண்டாத நாள் குறைவு. ஆகவே சாமானின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருந்தால், மழையே இல்லாவிட்டாலும் அது தினமும் ராத்திரி தன்னை நனைத்துக்கொள்ளும்.

சரி, நல்லதண்ணியில் மூன்று முறை அலசி, கடைசி அலசலை மட்டும் கை பொறுக்கிற சூட்டு வெந்நீரில் செய்தேன். இரும்பு சூடேறினால் இடுக்கில் இருக்கும் ஈரம் தானே ஆவியாகிப் போகும். துணியால் எவ்வளவு துடைத்தாலும் இடுக்குக்குள் துணி போகாது.

அந்த வாரமே ஒரு சேதம் நடந்தது. வெள்ளம் வடிந்ததும் தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். வீட்டையும் அதிலேதான் கழுவினோம். அலசி வைத்த ஸ்டெயின்லெஸ் கத்தரி சாக்கடை நாற்றம் அடிக்கிறதே என்று அம்மா அதைப் பிளீச்சிங் கரைசலில் கொஞ்ச நேரம் ஊறப்போட்டுவிட்டாள். நாலு நாள் வெள்ளத்தில் கிடந்தும் லேசாக மட்டுமே நிறம் மாறியிருந்த கத்தரி, இரண்டே நாளில் பழுப்புப் புள்ளியாகப் பூத்துவிட்டது.

ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பெயர் வாங்க இரும்பில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்க வேண்டும். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே மிக மெல்லிய ஒரு தோலை உண்டாக்கிக்கொள்கிறது. காப்பது அந்தத் தோல்தான். பிளீச்சிங் பவுடரில் இருக்கும் குளோரின் அதைத் துளைத்துவிடும். நல்ல எவர்சில்வர் தட்டில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். கத்தரிக்கும் பிளேடுக்கும் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கெட்டியாக நிற்க வேண்டும் என்பதால் வேறு ஜாதி இரும்பு. குரோமியம் பெரும்பாலும் 13 சதவீதத்தை ஒட்டி, நிக்கல் அநேகமாக இல்லை. ஒரு காந்தத்தை எடுத்துப் பாருங்கள். கத்தரியில் ஒட்டும், நல்ல எவர்சில்வர் தட்டில் ஒட்டாது. காந்தம் ஒட்டுகிற ஸ்டெயின்லெஸ் சாமானைத் துருப்பிடிக்கும் சாமான் என்றே வைத்துக்கொண்டு பராமரியுங்கள்.

கிருமி போக வேண்டுமென்றால் 70 சதவீத ஸ்பிரிட் போதும். துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். மீதி 30 சதவீதம் தண்ணீர்தானே.

திருகைக் கழற்றியபோது

மீரட் கத்தரியின் நடுத் திருகு இறுகிக் கிடந்தது. அதன் மேல் டபிள்யூடி-40 அடித்து ஒரு ராத்திரி விட்டேன். 1953-ல் தண்ணீரை விரட்டும் கலவை ஒன்றுக்காக அமெரிக்காவில் முயன்றபோது 40-வது தடவை தேறியது என்பதால் அந்தப் பெயர். இடுக்கில் நிற்கும் ஈரத்தைத் தள்ளிவிட்டு உள்ளே இறங்குவதில் கெட்டி. ஆனால் அது ரொம்பக் காலம் காக்கும் எண்ணெய் இல்லை. அதிலிருக்கும் கரைப்பான் பறந்துபோனபின் மிஞ்சும் படலம் மெல்லியது. அதை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் மறுபடி துருவைப் பார்ப்பார்கள்.

மறுநாள் திருகின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியாகத் தேடி எடுத்து, கத்தரியை மரக்கட்டையில் அமுக்கிப் பிடித்துத் திருப்பினேன். சின்னத் திருப்புளியைப் போட்டால் திருகின் தலை சிதைந்துவிடும், அப்புறம் கத்தரியே போச்சு. ஒரு கிறீச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது.

உள்ளே பார்த்ததை இந்தப் பதிவில் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். இரண்டு தகடும் உரசும் இடத்தில், திருகைச் சுற்றி, காப்பி வடிகட்டியபின் மிஞ்சும் சக்கை மாதிரி ஒரு கரும்பழுப்புப் பசை. நகத்தால் கிள்ளி வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தேன். முடி. தூள் தூளாக நொறுங்கிய முடி, கறுப்பும் நரையும் கலந்து, பழைய எண்ணெயோடு சேர்ந்து கெட்டித்துக் கிடந்தது. அதை வழித்து எடுத்தபின் அடியில் இருந்த துரு ஆரஞ்சு நிறமாக இல்லை. கறுப்பாக, இரும்போடு ஒட்டி, விரலில் ஒட்டாமல் இருந்தது.

வெளியே இருந்த ஆரஞ்சுத் துரு பூப்போல உதிர்ந்தது. அது வெள்ளத்தின் துரு, நாலு நாள் வயது. உள்ளே இருந்த கறுப்பு நாலு நாளில் வருவதல்ல. வருஷக்கணக்காக அந்த முடிச் சக்கை பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வாடிக்கையாளர் தலையில் தண்ணீர் தெளித்துத்தானே முடி வெட்டுகிறோம்? நனைந்த முடி, தலை வியர்வையின் உப்பு, இரண்டும் திருகு இடுக்கில் போய்த் தங்கிவிடுகின்றன. மேலே எண்ணெய் விட்டால் எண்ணெயும் அந்தச் சக்கையில் ஊறிவிடும், இரும்புக்குப் போய்ச் சேராது.

கை மெஷினைக் கழற்றியபோதும் இதே கதை. அடித்தகடும் மேல்தகடும் ஒட்டும் இடத்திலும், சுருள்வில்லின் காலடியிலும் முடி. மற்ற இடமெல்லாம் தேய்த்தால் போகிற துரு.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "தெனமும் தொடைச்சுத்தான வச்சேன்" என்றார். அது உண்மை. அவர் துடைக்காமல் வைத்த நாளே கிடையாது. ஆனால் திருகைக் கழற்றித் துடைக்கவில்லை. கழற்றினால் கத்தரியின் இழுவை மாறிவிடும் என்று தொழிலில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது, திருகு கால் சுற்று மாறினாலே முடி வெட்டுப்படாமல் மடங்கும். அதற்கு வழி, கழற்றும் முன் திருகின் வெட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மார்க்கரால் தகட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்வது. மாட்டும்போது அதே கோட்டுக்குக் கொண்டுவந்தால் இழுவை மாறுவதில்லை.

பெட்டியின் இன்னொரு குற்றவாளி படிகாரம். சவரம் முடிந்ததும் முகத்தில் தேய்க்கிற அந்தக் கட்டி, பாதி கரைந்து கிடந்தது. அதன் பக்கத்தில் இருந்த பிளேடு மாற்றும் கத்தி ஒரு பக்கம் மட்டும் சொரசொரவென்று அரித்திருந்தது. படிகாரம் தண்ணீரில் கரைந்தால் புளிப்புத் தன்மையுள்ள கரைசலாகும். வெள்ளம் வராவிட்டாலும், சவரம் முடிந்து ஈரத்தோடு கட்டியைப் பெட்டிக்குள் போட்டால் அந்த ஈரம் சும்மா இருக்காது. இப்போது படிகாரத்துக்குத் தனி டப்பா, அதுவும் பெட்டிக்கு வெளியே.

புளியா, வினிகரா

துருவை எடுக்க ஊரில் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். சாமானில் கை வைக்கும் முன் துருப்பிடித்த ஆணிகளில் பார்த்தேன். புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, வினிகர், கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் அமிலம். நாலும் அமிலம்தான், நாலும் துருவைக் கரைக்கும். புளி மெதுவாக வேலை செய்தது, சக்கை ஒட்டிக்கொண்டது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி, பல் பல்லாக இருக்கும் கை மெஷினுக்குச் சரிப்படாது. சிட்ரிக் அமிலம் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் என்று கலந்ததுதான் கைக்கு அடங்கியது. விலையும் குறைவு, வாடையும் இல்லை.

வினிகரில் முள்வாங்கியைப் போட்டுவிட்டு ஷிப்டுக்குப் போனேன். அன்றைக்கு ஓவர்டைம் வந்து, திரும்ப மறுநாள் காலையாகிவிட்டது. துரு போயிருந்தது, கூடவே இரும்பும் போயிருந்தது. முனை இரண்டும் மெலிந்து ஒன்றையொன்று தொடவில்லை. அமிலத்துக்குத் துரு வேறு இரும்பு வேறு என்று தெரியாது. துரு தீர்ந்ததும் இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும். முள்வாங்கி ஒன்றுதான் இந்த வேலையில் நான் முழுசாக இழந்தது. கெட்டிப்படுத்திய இரும்பை அமிலத்தில் அதிக நேரம் போட்டால் ஹைட்ரஜன் உள்ளே இறங்கி அது நொறுங்கும் தன்மை அடையலாம் என்பதையும் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பிரிங் விஷயத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் கை மெஷினின் சுருள்வில்லை அமிலத்தில் போடவே இல்லை, மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷும்தான்.

மீரட் கத்தரித் தகடுகளையும் மெஷின் தகடுகளையும் சிட்ரிக் கரைசலில் போட்டு அரைமணிக்கு ஒருமுறை எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்தில் ஆரஞ்சு முழுக்கப் போயிற்று. கெட்டியாக ஒட்டியிருந்த கறுப்பை வெட்டும் விளிம்பில் மட்டும் எடுத்தேன். மற்ற இடத்தில் விட்டுவிட்டேன். உதிராத கறுப்புப் படலம் இரும்புக்குக் கெடுதல் செய்வதில்லை. எடுத்த கையோடு சமையல் சோடா கலந்த தண்ணீரில் முக்கி அமிலத்தை முறித்து, வெந்நீரில் அலசி, சூடு ஆறும் முன்பே எண்ணெய். இந்த வரிசையில் ஐந்து நிமிடம் தாமதித்தாலும் கண்ணெதிரே மஞ்சள் ஏறும். புதிதாகத் தோலுரிந்த இரும்பு அவ்வளவு வேகமாகத் துருவைப் பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் கத்தரிக்கு மெட்டல் பாலிஷும் துணியும் போதுமாக இருந்தது. இரும்பு நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். நாரின் துகள் ஸ்டெயின்லெஸ் மேல் பதிந்து, அந்தத் துகள் துருப்பிடித்து, மறுபடி புள்ளி வரும். குரோமியப் பூச்சுள்ள நகவெட்டியை, சாப்பாடு பார்சல் கட்டும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பூச்சு உரிந்த இடத்தில் மட்டும் துரு திரும்பத் திரும்ப வரும். அதற்கு எண்ணெய்தான் வழி.

தாத்தாவின் கத்தி

சவரக்கத்தியைக் கடைசியில் எடுத்தேன். உண்மையைச் சொன்னால் பயம்தான் காரணம். அது குரோமியம் கலக்காத கார்பன் இரும்பு. வாய் அவ்வளவு மெல்லியது, அமிலம் அரைமணியில் அதைத் தின்றுவிடும். கொம்புப் பிடியை ஊறவைத்தால் உப்பி நெளியும். ஆகவே அமிலமும் கிடையாது, ஊறலும் கிடையாது.

வாய்க்கு மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டினேன். கைக்கும் பாதுகாப்பு, வாய்க்கும் பாதுகாப்பு. 1000 நம்பர் நீர்த்தாள் என்கிற நைசான உப்புத்தாளைச் சின்ன மரத்துண்டில் சுற்றி, மெஷின் ஆயில் தொட்டு, முதுகிலிருந்து வாயை நோக்கி ஒரே போக்கில் இழுத்தேன். எதிர்ப்போக்கில் ஒரு தடவை போனாலும் தாளும் கிழியும், கையும் கிழியும். பிறகு 2000 நம்பர், அதன்பிறகு மெட்டல் பாலிஷ். இரண்டு சாயங்காலம் பிடித்தது. வாலில் ஊர்ப்பெயர் பொறித்த இடத்தைத் தாளால் தொடவே இல்லை. அங்கே கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும், எழுத்து இருக்க வேண்டும்.

வாட்ச் ரிப்பேர் லென்ஸில் பார்த்தால் மூன்று குழி. இரண்டு உடம்பில், அதனால் பாதகமில்லை. ஒன்று முனையிலிருந்து ஒரு விரல் தள்ளி, வாயை ஒட்டியே. சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார்தான். ஆனால் சுற்றும் சாணையில் சூடு ஏறி வாயில் நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும், அதற்குப் பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஈரம் போகட்டும் என்று கத்தியை அடுப்பில் காட்டுவதும் இதே தப்பு.

அப்பாவே கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரும்புக்கடையில் போடச் சொன்னவர், அடுத்தடுத்து மூன்று செவ்வாய்க்கிழமை (சலூன்காரர்களுக்கு அன்றுதான் லீவு) காலை முழுக்க அந்தக் கத்தியோடு இருந்தார். முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய, நுனியிலிருந்து வால்வரை மெதுவாக, பாரம் கொடுக்காமல். கல்லில் கறுப்பாகச் சேறு ஏறும், துடைப்பார், மறுபடி. கட்டைவிரல் நகத்தின் மேல் வாயை வைத்து இழுத்துப் பார்ப்பார். குழி இருக்கும் இடத்தில் நகத்தில் தட்டும். மூன்றாவது செவ்வாயில் தட்டுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. முனையில் அந்த இடத்தை மட்டும் அவர் முகத்தில் படவிடுவதில்லை. கடையில் யாருக்கும் இந்தக் கத்தியைப் போடுவதில்லை. அங்கே ஆளுக்கொரு புது பிளேடுதான், அதுதான் சரி. இது அவர் தன் முகத்துக்கு மட்டும் வைத்திருப்பது.

தோல்வார் ஊறி விறைத்து, பூஞ்சை பூத்திருந்தது. நிழலில் ஒரு வாரம் தொங்கவிட்டு, துளி ஆமணக்கெண்ணெய் தேய்த்து, உருட்டி உருட்டி இளக்கினோம். தீட்டத் தோல் நல்லது, வைக்கத் தோல் ஆகாது. தோல் உறையில் ஈரமும் பதனிட்ட உப்பும் நிற்கும்; கத்தியை அதற்குள்ளேயே போட்டு மாதக்கணக்கில் வைத்தால் உறை தொட்ட பக்கம் கறுத்துக் குழி விழும். தாத்தா காலத்துத் தோல்பையை அப்பா ஏன் தகரப்பெட்டியாக மாற்றினார் என்று அப்போதுதான் கேட்டேன். "பையில வச்சா மழைக்காலத்துல கத்தி வேர்க்கும்ல" என்றார். கத்தி வேர்க்கும் என்பது சரியான வார்த்தை.

எந்த எண்ணெய்

வீட்டில் இதில் ஒரு தகராறு. அப்பா ஆயுள் முழுக்கத் தேங்காய் எண்ணெய் விட்டவர். நான் மெஷின் ஆயில் கட்சி. பேசித் தீராது என்று இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு ஒன்றை ஆறு துண்டாக ஒடித்து, பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, கடல்காற்று வரும் ஜன்னலில் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். ஒன்று வெறுமனே. மற்றவற்றில் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், தையல் மெஷின் ஆயில், மருந்துக்கடை லிக்விட் பாரஃபின், வாஸ்லின்.

வெறும் துண்டு மறுநாள் காலையிலேயே மஞ்சளடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் இரண்டு வாரம் நன்றாகத் தாங்கியது, பிறகு சிக்கு வாடையும் புள்ளியும். நல்லெண்ணெய் துருவைத் தடுத்தது, ஆனால் பசை மாதிரி இறுகித் தூசியைப் பிடித்துக்கொண்டது. திருகில் அது போனால் கத்தரி இழுக்கும். மெஷின் ஆயிலும் பாரஃபினும் ஒரே மாதிரி: மூன்று வாரம் வரை சுத்தம், அதன்பின் எண்ணெய் கீழே வடிந்து மேல் ஓரத்தில் லேசாக நிறம் மாறியது. வாஸ்லின் துண்டு ஒரு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது.

இதை வைத்துப் பிரித்துக்கொண்டோம். தினமும் புழங்கும் கத்தரித் திருகுக்கும் மெஷினுக்கும் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. முகத்தில் படும் கத்திக்கு லிக்விட் பாரஃபின். அது உடம்புக்குள் சாப்பிடவே கொடுக்கிற மருந்து, தோலுக்குப் பயமில்லை. மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதற்கு வாஸ்லின், துணியால் மெல்லப் பூசி. அப்பா அந்தத் தேங்காய் எண்ணெய்த் துண்டை மூக்கருகே வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் கத்தரிக்குப் பக்கத்தில் மெஷின் ஆயில் குப்பி இருந்தது.

பெட்டியும் மாறிவிட்டது. ரப்பர் வளையம் வைத்த காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். ஆரஞ்சு நிறத்தில் இருந்து ஈரம் குடித்ததும் பச்சையாகும் வகை. பச்சையானால் சமையலுக்கு ஆகாத ஒரு பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சுக்கு வந்துவிடும். சிலர் அரிசி போடுகிறார்கள். உப்புக் குடுவைக்கு அது சரி. இதற்குப் போதாது, தவிடு வேறு உதிரும். ஒரு எச்சரிக்கை: காற்றுப்புகாத டப்பாவில் ஈரச் சாமானை வைத்தால் தகரப்பெட்டியைவிட மோசம், ஈரம் வெளியேற வழியே இல்லை. அதனால் டப்பாவுக்குள் போகும் முன் கத்தரி விரித்தபடி காற்றாடிக்குக் கீழே அரைமணி கிடக்கும். பேரிங் சுற்றி வரும் எண்ணெய்த்தாளை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி வைக்கிறேன். ஸ்டெயின்லெஸ் கத்தரியும் கார்பன் கத்தியும் ஈரத்தோடு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் கார்பன் இரும்புதான் சீக்கிரம் அரியும்.

அண்ணன் கடையிலும் ஒரு பழக்கம் மாறியிருக்கிறது. முன்பு கத்தரி, சீப்பு எல்லாம் டெட்டால் தண்ணீர் டம்ளரில் நின்றுகொண்டே இருக்கும். இப்போது சீப்பு மட்டும் நிற்கிறது. கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்ந்த துண்டின் மேல் விரித்து வைக்கிறார். ராத்திரி கடை சாத்தும்போது பிரஷால் திருகோரத்து முடியைத் தட்டி, ஒரு சொட்டு விட்டு, நாலு தடவை திறந்து மூடி, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுகிறார். மாதம் ஒரு செவ்வாய் திருகைக் கழற்றுகிறோம். சக்கை இன்னும் வரத்தான் செய்கிறது, ஆனால் காகிதத்தில் தேய்த்தால் பழுப்பு இல்லாமல் வெறும் முடியாக வருகிறது.

இன்னும் முடியாத வேலை ஒன்று இருக்கிறது. தாத்தா கத்தியின் வால், கொம்புப் பிடிக்குள் நுழையும் இடத்தில், ஆணிக்கு அடியில், மழைக்காலத்தில் ஒரு சின்ன ஆரஞ்சுக் கோடு எட்டிப் பார்க்கிறது. நூலில் பாரஃபின் தொட்டு அந்த இடுக்கில் இழுத்துவிட்டால் ஒரு மாதம் அடங்குகிறது, பிறகு வருகிறது. உள்ளே வெள்ளத்து உப்பு மிச்சம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியைப் பிரித்தால்தான் தெரியும். கொம்பு பழையது, விரிசல் விட்டுவிடுமோ என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். ஆணி செய்ய ஒன்றரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வாங்கி வைத்தாயிற்று. வரும் செவ்வாய் அப்பா பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.